ஓரகத்தியின் கேமரா

விஸாமின் கல்யாணத்தன்று பெண்கள் கூடத்தில் யார் யார் எங்கே இருந்தார்கள் என்பதை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். பின்னால் ஆளுக்கொரு விதமாகப் பேசினார்கள். ஹூரியா மணப்பெண்ணின் முதுகுக்குப் பின்னால் நின்றாள் என்றார்கள். கதவிடுக்கில் நின்று ஏதோ முணுமுணுத்தாள் என்றார்கள். ஹூரியா நான்தான். நான் நின்ற இடம் எனக்குத் தெரியும்.

மேடைமேல் மணப்பெண்ணின் பொன்முலாம் நாற்காலி. அப்போது அது காலி. விஸாம் உள்ளறையில் உடை மாற்றிக்கொண்டிருந்தாள். மேடைக்கு வலப்புறம், சுவரை ஒட்டிய நீள மெத்தையில் மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள். அவர்களில் முதல் இடம் மாப்பிள்ளையின் பெரியம்மா கைராவுக்கு. அவள் மடியில் ஒரு தட்டு மக்ரூத் இனிப்பு இருந்தது, அதை அவள் யாருக்கும் நீட்டவில்லை. இடப்புறம் எங்கள் வீட்டார். விஸாமின் தாயும் என் நாத்தனாருமான ஸோராவுக்கு அங்கே முதல் இடம் போட்டிருந்தது. அவள் அதில் ஒரு நிமிஷம்கூட உட்காரவில்லை. மேளக்காரிகள் வாசலுக்கு எதிரே. மேடைக்கு நேர் கீழே, மூன்றுகால் தாங்கியில் கேமராவைப் பொருத்திக்கொண்டு நான். தூணோரம் என் ஓரகத்தி நவால். தூணோரம் என்று பெயர்தான். அவள் நின்ற இடமே கூடத்தின் நடுவாகிவிட்டிருந்தது.

நவால் என் கணவர் பூமதீனின் தம்பி மனைவி. ஒரே வீட்டில் கீழ்த்தளம் எங்களுக்கு, மேல்தளம் அவர்களுக்கு.

பதினாறு வருஷமாகத் திலிம்சானில் பெண்கள் பக்கத்துப் படம் என்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். பெண்கள் கூடத்தில் ஆண் நுழைய முடியாது. தலை திறந்து, தோள் திறந்து ஆடுகிறவர்களின் படம் ஆண் கண்ணில் படவும் கூடாது. அதற்கு நான் ஓர் ஒழுங்கு வைத்திருந்தேன். பெண்களின் ரோல்களை ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் கழுவக் கொடுப்பேன். அந்த நேரம் லேப் முதலாளி எதிர்க் காபிக்கடையில் போய் உட்கார்ந்துகொள்வார். இயந்திரத்தில் அவர் மகள் ஃபரீதா இருப்பாள். பிரிண்டுகளையும் நெகட்டிவையும் ஒரே உறையில் போட்டு ஒட்டி மணப்பெண்ணின் கையில் கொடுப்பேன். பெற்ற தாய்கூட அவளுக்கு முன்னால் பிரிக்கக் கூடாது. நெகட்டிவ் ஒன்றுதான் உண்டு; அது அவளிடம் போய்விட்டால் என்னிடம் எதுவும் இல்லை. இதற்காகத்தான் பெரிய வீடுகள் என்னை நம்பின. என் படங்கள் அழகாக இருக்கும் என்பது அப்புறம்.

நவாலுக்குப் போன வருஷம் லியோனிலிருந்து அவளுடைய அண்ணன் சோப்புக்கட்டி அளவில் ஒரு டிஜிட்டல் கேமரா கொண்டுவந்து கொடுத்தான். அதற்கு ரோல் வேண்டாம், லேப் வேண்டாம், ஃபரீதா வேண்டாம், ஞாயிற்றுக்கிழமையே வேண்டாம். "வேற யார் கண்ணும் படாது, நான் எடுக்குறேன், நீங்க பாக்குறீங்க, பிடிக்கலன்னா அப்பவே அழிச்சுடுறேன்" என்று அவள் சொல்லிக்கொண்டு போனாள். அந்தக் கோடையில் எனக்கு வரவேண்டிய வீடுகள் சில படியேறி மேலே போயின. என் வாசலைத் தாண்டித்தான் அந்தப் படி ஏற வேண்டும். ஏறுகிறவர்களின் செருப்புச் சத்தத்தை வைத்தே எந்த வீட்டார் என்று சொல்லப் பழகிவிட்டேன்.

விஸாமின் கல்யாணத்துக்கு ஸோரா எங்கள் இருவரையும் அழைத்தாள். "ரெண்டு பேருமே என் தம்பிமார் பெண்டாட்டிங்க. யாரை விடுறது, யாரைச் சேக்குறது? ரெண்டு பேரும் எடுங்க" என்றாள். பாதி ஊர்ப் பெண்கள் வரும் கல்யாணம். அவர்கள் வீடுகளில் பெண்கள் கல்யாணத்துக்கு வரிசையாகக் காத்திருந்தார்கள். இனிமேல் யாரைக் கூப்பிடுவது என்பது அந்தக் கூடத்தில்தான் முடிவாகும். எனக்கும் அது தெரியும், அவளுக்கும் தெரியும்.

காலையிலிருந்தே எனக்கு வயிறு எரிந்துகொண்டிருந்தது. நான் ஒருத்தியை நிறுத்தி, தோளைத் திருப்பி, முகவாயை இறக்கச் சொல்லி, மூச்சை விடு என்று சொல்லி, ஒரு படம் எடுப்பதற்குள் நவால் பத்து எடுத்துவிடுவாள். என் ரோலில் முப்பத்தாறு. ஒவ்வொன்றையும் யோசித்துத்தான் செலவழிக்க வேண்டும். அவளுக்குக் கணக்கே இல்லை. அதைக்கூடப் பொறுத்திருப்பேன். ஒவ்வொரு படத்துக்கும் பிறகு கூட்டம் முழுதும் எழுந்து அவளிடம் ஓடியதுதான் பொறுக்கவில்லை. ஆடிக்கொண்டிருந்தவள் ஆட்டத்தை நிறுத்திவிட்டு ஓடினாள். குலவையிட்டவள் பாதிக் குலவையில் ஓடினாள்.

"எங்கே காட்டு, நவால், எங்கே காட்டு."

"தள்ளுங்கடி, மூச்சு முட்டுது. ஒவ்வொருத்தரா பாருங்க."

"ஐயோ, என் தாடையைப் பாரு, ரெண்டு அடுக்கா தொங்குது. அழிச்சுடு, இதை அழிச்சுடு."

"அழிச்சாச்சு. போதுமா?"

"அடேயப்பா, எம் புருஷன் பேச்சையும் இப்படி ஒரு பட்டன்ல அழிக்க முடிஞ்சா நல்லாருக்கும்."

ஒருத்தி என் பக்கம் வந்தாள். என் கேமராவின் முதுகைத் திருப்பிப் பார்த்தாள். அங்கே வெறும் கறுப்பு மூடி.

"உங்களுதுல எப்பத் தெரியும்?" என்றாள்.

"ஞாயித்துக்கிழமை தெரியும்."

"எந்த மாசத்து ஞாயித்துக்கிழமை?" என்று மெத்தையிலிருந்து கைரா கேட்டாள். சிரிப்பு தூண்வரை போய்த் திரும்பி வந்தது.

நான் கேமராவில் கண்ணை வைத்துக்கொண்டேன். வைத்த கண்ணை எடுத்தபோது நவாலைப் பார்த்தேன். எவ்வளவு நேரம் பார்த்தேன் என்று எனக்கு நினைவில்லை. அவள் சட்டென்று திரும்பிச் சோப்புக்கட்டியை என் பக்கம் நீட்டினாள். பளிச்சென்றது.

"அக்கா, உங்களை யாருமே படம் எடுக்குறதில்லையேன்னு எடுத்தேன்" என்று சிரித்தபடி வந்தாள். அவள் எனக்குக் காட்டுவதற்கு முன்பே நாலு பேர் பார்த்துவிட்டார்கள். பிறகு அது மெத்தைக்குப் போயிற்று, கைராவின் கைக்கு.

"அல்லா, இந்தப் பொம்பள பாக்குற பார்வையைப் பாருங்க. பக்கத்துல பால் வச்சா திரிஞ்சிரும்."

நானும் பார்த்தேன். இரண்டு விரல் அகலத்தில் என் முகம். புருவம் இரண்டும் முட்டிக்கொண்டு, உதடு உள்ளே போய், கண் மட்டும் வெளியே வந்து, யாரையோ குத்துவதற்குப் போகிற முகம். கண்ணாடியில் நான் அப்படி இருந்ததில்லை.

"அழிச்சுடு, நவால்."

"அழிச்சுட்டேன் அக்கா, இதோ பாருங்க, போயிருச்சு."

போய்விட்டது. ஆனால் பார்த்தவர்கள் போகவில்லையே. கைரா கண்ணேறு கழிக்கிற மாதிரி வலது கையை விரித்து என் முகத்துக்கு நேரே காட்டி, "அஞ்சு விரல் கண்ணுல" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரிக்க வேண்டியிருந்தது.

அசர் தொழுகைக்குப் பிறகு விஸாமுக்குக் கல்யாண உடையான ஷெத்தாவை உடுத்தினார்கள். பொன் ஜரிகை வெல்வெட், தலையில் கூம்புக் குல்லா, கழுத்திலிருந்து இடுப்புவரை முத்துச் சரங்கள், பத்து விரலிலும் மோதிரம். மாப்பிள்ளை வீட்டு மூத்தவர்கள் வந்து கன்னத்தில் சிவப்பு வட்டம் வரைந்து, சுற்றி வெள்ளிப் பொட்டு வைத்துவிட்டுப் போனார்கள். ஆகஸ்டு வெயில். உள்ளறையில் மின்விசிறி கிடையாது.

அந்த அறையின் ஒற்றை ஜன்னலிலிருந்து வரும் வெளிச்சம் எனக்குத் தெரியும். அதற்காக ரோலில் கொஞ்சம் மிச்சம் வைத்திருந்தேன். நான் போனபோது உடுத்திவிடுகிறவள் இடுப்புக் கச்சை தேடி வெளியே போயிருந்தாள். நவாலை யாரோ காபிக்குக் கூப்பிட்டிருந்தார்கள். கேமராவை விஸாமின் மடியில் வைத்துவிட்டுப் போயிருந்தாள். ஜன்னலடியில் முக்காலிமேல் விஸாம் தனியே உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாசலில் நின்றே நான் ஒன்று, இரண்டு எடுத்தேன். நல்ல வெளிச்சம், குனிந்த முகம், முத்துச் சரம் முன்னால் தொங்குகிறது.

"மாமி, என் கன்னத்தைப் பாருங்க. வேர்வையில வட்டம் இழுகிப்போய்க் கன்னத்துல அறைஞ்ச மாதிரி இருக்கு. இதையா எல்லாரும் பாத்தாங்க?"

"சரிபண்ணிக்கலாம். தலையைத் தூக்கு."

"இதை அழிக்கலாம்னு பாத்தேன். இது என்னமோ கேக்குது. ஆமான்னு சொல்லவா, இல்லன்னு சொல்லவா?"

நான் இரண்டு எட்டு வைத்துக் குனிந்து பார்த்திருக்கலாம். அதில் வருவது பிரெஞ்சு எழுத்து, எனக்கு நன்றாகவே படிக்க வரும். நெத்ரோமா பள்ளியில் ஒரு எழுத்து தப்பினால் முழங்கையில் அடி. ஆனால் அன்று காலையிலிருந்து அந்தச் சோப்புக்கட்டியைச் சுற்றி ஓடியவர்களின் முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எங்கிட்ட எதுக்குக் கேக்குற? அந்தச் சாமானுக்குச் சொந்தக்காரி இருக்கா, அவகிட்டக் கேளு" என்று சொல்லிவிட்டு இன்னொன்று எடுத்தேன். என் ஷட்டர் விழுந்தபோதே அவள் கட்டைவிரலும் அழுந்திற்று. மோதிரம் அதன்மேல் மோதிய சத்தம்கூடக் கேட்டது. பிறகு உடுத்துகிறவள் கச்சையோடு வந்துவிட்டாள்.

விஸாமைக் கொண்டுவந்து நாற்காலியில் அமர்த்தினார்கள். ஷெத்தாவில் உட்கார்ந்த பெண் கண்ணைத் தாழ்த்திக்கொண்டுதான் இருக்க வேண்டும், பேசக் கூடாது. குலவை அடங்கியதும் நவால் மாப்பிள்ளையின் தாய்க்குக் காலைப் படங்களைக் காட்டப் போனாள். ஒரு பட்டனை அமுக்கினாள். இன்னொன்றை அமுக்கினாள். கேமராவைத் தட்டினாள்.

"ஒண்ணுமே இல்லயே" என்றாள். "காலையிலிருந்து எடுத்தது ஒண்ணுமே இல்லயே."

"எப்படி இல்லாமப் போகும்?" ஸோரா கையிலிருந்த தட்டோடு வந்தாள். "இப்பத்தானே என் தங்கச்சி ஆடினதைப் பாத்தோம்."

"படம் இல்லன்னு சொல்லுது மதினி. வல்லாஹி, நான் ஒண்ணும் பண்ணல."

மேளம் நின்றது. அதற்குள் எல்லாக் கண்ணும் ஒரு சுற்றுச் சுற்றி என்னிடம் வந்து நின்றுவிட்டது. கைரா மெல்ல எழுந்தாள். இந்தத் தடவை சிரிக்காமல் கையை விரித்தாள்.

"நான் அப்பவே சொன்னேன். அந்தப் பார்வை சும்மா போகுமா? கண்ணாடிக்குள்ள இருந்தது எல்லாத்தையும் நக்கிருச்சு."

எனக்குப் புரிந்துவிட்டது. உள்ளறை, கட்டைவிரல், ஆமாவா இல்லையா. எல்லாவற்றையும் அழிக்கவா என்றுதான் அது அவளைக் கேட்டிருக்கிறது. நான் விஸாமைப் பார்த்தேன். அவள் இமை ஆடியது, மேலே வரவில்லை. கூடம் நிறைய மாப்பிள்ளை வீட்டார். கல்யாணப் பெண்ணே தன் கல்யாணத்தைத் துடைத்தெறிந்தாள் என்று நான் அங்கே சொன்னால், கைரா அதைச் சாகிறவரை ஊறுகாய் போட்டு வைத்துக்கொள்வாள். தவிர, அந்த நேரத்தில் நான் சொன்னால் யார் நம்புவார்கள்? சின்னப் பெண்மேல் பழி போடுகிறாள் என்பார்கள். வாயை மூடிக்கொண்டேன்.

நவால் அழுதாள். அவளைச் சுற்றி ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து முதுகைத் தடவிக் கொடுத்தார்கள். ஒருத்தி பாதாம் பால் கொண்டுவந்து அவள் வாயில் வைத்தாள். படத்தைத் தொலைத்தவளுக்குப் பாதாம் பால், எடுத்து வைத்திருக்கிறவளுக்கு ஐந்து விரல். அந்தப் பாலைப் பார்த்தும் எனக்கு எரிந்தது, மறைப்பானேன்.

ஸோரா என் அருகில் வந்தாள். கொஞ்சம் தள்ளியே நின்றாள். "ஹூரியா, உன் ரோலாவது இருக்கா?"

"இருக்கு மதினி."

"அதையாவது ஒழுங்காக் கொண்டுவந்து சேத்துடு." வேண்டுகிற மாதிரியும் இருந்தது, எச்சரிக்கிற மாதிரியும் இருந்தது.

மிச்சப் படங்களை நான்தான் எடுத்தேன். நவாலின் கேமராவைப் பெண்ணின் பக்கம் திருப்பவே கூடாது என்று கைரா உத்தரவு போட்டுவிட்டாள். என்னையும் சும்மா விடவில்லை. நான் ஒவ்வொரு தடவை குனியும்போதும் ஒருத்தி சாம்பிராணிச் சட்டியோடு என் முகத்துக்கு முன்னால் வந்து நின்றாள். விஸாமின் உள்ளங்கையில் உப்பு வைத்து மூடினார்கள்.

விஸாம் அந்த வாரமே கணவனோடு தெற்கே பாலைவனத்து ஊரான அத்ராருக்குப் போய்விட்டாள். அவன் அங்கே பள்ளி வாத்தியார்; மாமியாரும் கூடவே போனாள். பேச்சு மட்டும் எங்கள் ஊரில் தங்கிவிட்டது. புதன்கிழமை ஒரு வீட்டிலிருந்து ஆள் வந்தது. செப்டம்பரில் அவர்கள் பெண்ணுக்குக் கல்யாணம். நான் வருவதாகப் பேச்சு. "நீங்க சிரமப்பட வேண்டாம், நாங்க வேற ஏற்பாடு பண்ணிக்கிட்டோம்" என்று வாசற்படியிலேயே நின்று சொல்லிவிட்டுப் போனாள். உள்ளே வந்து ஒரு தம்ளர் தேநீர்கூடக் குடிக்கவில்லை.

அவள் அடுத்து மாடிக்குப் போவாள் என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். போகவில்லை. மறுநாள் மேலேயும் ஒரு ஆள் வந்தது, இதையே சொல்லிவிட்டுப் போயிற்று. அந்தச் சாமானில் எடுத்தது பட்டப்பகலில் காற்றில் அழிந்துபோகிறது, அதை நம்பி யார் கல்யாணம் செய்வார்கள் என்று ஊர் முழுதும் பேச்சு. நவாலின் கணவன் அதைப் பிடுங்கி அலமாரிமேல் வைத்துவிட்டானாம்.

கேட்டு எனக்கு எப்படி இருந்தது என்றால், அன்று இரண்டு தட்டு கூஸ்கூஸ் சாப்பிட்டேன்.

"நல்லாப் பசிக்குது போலிருக்கு" என்றார் பூமதீன்.

"ஏன், சாப்பிடக் கூடாதா?"

"சாப்பிடு, சாப்பிடு. உன் கண்ணு பொல்லாததுன்னு ஊர் சொல்லுது, அவ கேமரா பொல்லாததுன்னும் சொல்லுது. ஒரு வீட்டுல ரெண்டு பொல்லாதது இருக்குறப்ப, எனக்கும் என் தம்பிக்கும் யாரு சோறு போடுவா?"

"போட்டுக்கிட்டுத்தானே இருக்கேன்."

"அதான் பயமா இருக்கு. கண்ணைத் திருப்பிக்கிட்டுப் போடு."

ஞாயிற்றுக்கிழமை லேபுக்குப் போனேன். முதலாளி காபிக்கடைக்குப் போனார். ஃபரீதா நெகட்டிவை நான்கு நான்காக வெட்டி வெளிச்சப் பெட்டிமேல் பரப்பினாள். நெகட்டிவில் எல்லாம் தலைகீழ்தான். ஷெத்தாவின் பொன் கறுப்பாகவும், கறுப்புக் கூந்தல் வெள்ளையாகவும் இருக்கும். ஆனால் எனக்கு அது பழகிய எழுத்து. இருபத்தாறாவது படத்தில் கண் நின்றது. விஸாம் முக்காலிமேல் இருக்கிறாள். இரண்டு கையிலும் நவாலின் கேமரா. கட்டைவிரல் பட்டனில் அழுந்தியிருக்கிறது. பிரிண்டு போட்டுப் பார்த்தால், வாய் லேசாகத் திறந்து என்னைத்தான் பார்க்கிறாள். இன்னும் கேட்டுக்கொண்டே இருக்கிற முகம்.

இன்னொன்றும் இருந்தது. தூணோரம் நவால் நீல உடையில், கேமராவை உயர்த்திக்கொண்டு, சுற்றிலும் ஏழெட்டுத் தலை. கூட்டத்தை எப்படிக் கலைக்கிறாள் என்று நாளைக்குக் காட்ட வேண்டும் என்றுதான் அதை எடுத்திருந்தேன். பார்த்தால் அந்த ரோலிலேயே அழகான படம் அதுதான். ஜன்னல் வெளிச்சம் அவள் கன்னத்தில் போய் விழுந்திருக்கிறது. இத்தனை வருஷமாக என் சொல்லைக் கேட்ட ஃபிலிம் அன்றைக்கு அவளுக்கு ஊழியம் செய்துவிட்டது.

"யாரு இது, சினிமாக்காரி மாதிரி இருக்கா?" என்றாள் ஃபரீதா.

"என் ஓரகத்தி."

"உங்க வீட்டுல இவ்வளவு அழகா ஒருத்தி இருக்கான்னு சொல்லவே இல்லயே."

"நீ கேக்கல."

அன்று மத்தியானமே ஸோரா வந்துவிட்டாள். இந்தத் தடவை உட்கார்ந்தாள்.

"கொடு, பாக்குறேன்."

"விஸாமுக்கு அனுப்பணும் மதினி. அவ பிரிச்ச பிறகு பாருங்க."

"நான் பெத்தவ."

"உங்க கல்யாணத்துக்கு நானா எடுத்தேன்? எடுத்திருந்தா உங்க அம்மாகிட்டயும் இதைத்தான் சொல்லியிருப்பேன்."

"அப்படி என்ன இருக்கு அதுல? இல்ல, இதுலயும் ஒண்ணும் இல்லாமப் போச்சா? உள்ளதைச் சொல்லிடு ஹூரியா. ஊர் பேசுறது என் காதுலயும் விழுது. ஒரு தடவைகூட நான் உன்னை எதுவும் சொல்லல."

உறை என் மடியில்தான் இருந்தது. இருபத்தாறாவதை உருவி அவள் கையில் வைத்தால் போதும். என் கண் என்ன செய்தது, அவள் மகளின் விரல் என்ன செய்தது என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும். அவள் அழுதுகொண்டே போய் நாலு வீட்டில் சொல்லுவாள். ஆனால் நாளைக்கு அந்த நாலு வீட்டிலும், ஹூரியா உறையைப் பிரித்துக் காட்டினாள் என்றும் சொல்லுவார்கள். கண் பொல்லாதவளைக்கூடச் சாம்பிராணி போட்டுக் கூப்பிடலாம். உறையைப் பிரித்தவளை யாரும் கூப்பிட மாட்டார்கள்.

"எல்லாம் நல்லா வந்திருக்கு" என்றேன். "விஸாமுக்கு முன்னால யாரும் பாக்க முடியாது."

அவள் தேநீரைப் பாதியில் வைத்துவிட்டுப் போனாள்.

விஸாமிடம் போனில் சொல்லலாம் என்றால், அங்கே போன் மணி அடித்தால் எடுப்பவள் மாமியார். ஆகவே எழுத உட்கார்ந்தேன். கடிதம் எழுதுவதில் எனக்கு ஒரு முறை உண்டு: முதலில் வரைவு, பிறகு திருத்தம், பிறகு சுத்தப் பிரதி. நலம் விசாரித்து முடித்து விஷயத்துக்கு வந்தேன்.

'உன் நவால் மாமியின் படங்கள் போனதற்கு என் கண் காரணமில்லை என்று உன் அம்மாவிடம் சொல்' என்று எழுதினேன். அப்படியானால் எது காரணம் என்று ஸோரா கேட்பாள். விஸாம் உள்ளதைச் சொன்னால் என் கண் சுத்தமாகும். கூடவே கேமராவும் சுத்தமாகிவிடும். மணப்பெண் தவறி அழித்துவிட்டாள், கேமராவில் ஒரு கோளாறும் இல்லை என்று ஆனால், நவால் அலமாரிமேலிருந்து அதை எடுத்துத் துடைத்துக்கொண்டு மறுபடி கிளம்பிவிடுவாள். செருப்புச் சத்தம் மறுபடி என் வாசலைத் தாண்டி மேலே போகும். அந்த வரியை அடித்தேன்.

'கேமராவைப் பற்றி ஒன்றும் சொல்ல வேண்டாம், என் கண்ணைப் பற்றி மட்டும் சொல்' என்று எழுதினேன். படித்துப் பார்த்தால் எனக்கே சிரிப்பு வந்தது. எப்படிச் சுற்றி எழுதினாலும் என்னோடு நவாலும் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்கிறாள்.

மூன்றாவது வரைவுதான் நன்றாக வந்தது. 'அன்று கேமரா உன் மடியில் இருந்தபோது தானாகவே எல்லாவற்றையும் அழித்துவிட்டது, அதை நானும் பார்த்தேன், நீயும் பார்த்தாய் என்று உன் அம்மாவுக்குச் சொல். உன் பெயருக்கும் பழுதில்லை, என் பெயருக்கும் பழுதில்லை.' இதில் விஸாமுக்கு நன்மை, எனக்கு நன்மை. நவால் ஒருத்திதான் மாட்டுவாள். இரண்டு தடவை படித்தேன். சுத்தப் பிரதியும் எடுத்துவிட்டேன்.

அதை உறையில் வைக்கப் போனபோதுதான் நெகட்டிவ் இடித்தது. கடிதம் தானாக அழிந்தது என்கிறது. அதே உறையில் இருபத்தாறாவது படம் கட்டைவிரலைக் காட்டுகிறது. சரி, பிரிண்டை எடுத்துவிடலாம். அந்த ஒரு நெகட்டிவைக் கத்தரித்து அடுப்பில் போட்டுவிடலாம். கத்தரிக்கோலைக்கூட எடுத்தேன். ஆனால் ஃபிலிமின் ஓரத்தில் எண் அச்சிட்டு வருகிறதே. இருபத்தைந்துக்கு அடுத்தது இருபத்தேழு என்றால் விஸாம் கவனிக்காமல் இருப்பாளா? நெகட்டிவை எண்ணி வாங்கு என்று ஒவ்வொரு மணப்பெண்ணுக்கும் சொல்லிக்கொடுத்தவளே நான்தான். பட்டை முழுவதையும் எரிக்கலாம் என்றால், இருபத்தைந்தும் இருபத்தேழும் இருபத்தெட்டும் ஷெத்தாவில் அவள் அமர்ந்த படங்கள். என் ரோலை விட்டால் அந்தக் கல்யாணத்துக்கு வேறு படமே கிடையாது. நவாலின் சாமானாக இருந்தால் ஒரு பட்டன் போதும், இடைவெளிகூடத் தெரியாது. அப்போதும் எனக்கு அவள்மேல் பொறாமையாகத்தான் இருந்தது.

கத்தரிக்கோலை வைத்துவிட்டு நான்காவது முறையாக எழுதினேன். அதைச் சுருக்கமாகவே எழுதினேன்.

'இருபத்தாறாவது படத்தைப் பார். நீ என்னிடம் கேட்டாய். நான் வந்து பார்த்துச் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. கல்யாணக் கூடத்தில் நீ பேச முடியாது என்பது எனக்குத் தெரியும். இப்போது உன் அம்மாவிடம் சொல். மாமியாரிடம் சொல்வதும் சொல்லாததும் உன் இஷ்டம். எங்கள் வீட்டில் இரண்டு பேரை இப்போது யாரும் கூப்பிடுவதில்லை.'

கடைசி வரியில் 'ஒருத்தியை' என்று எழுதத்தான் பேனா போயிற்று.

படங்கள், நெகட்டிவ், கடிதம் மூன்றையும் வைத்து உறையை ஒட்டினேன். ஓரங்களில் கோந்து காயும்வரை கனமான சட்டியை மேலே வைத்தேன். பிறகு தலைத்துணியைப் போர்த்திக்கொண்டு வெளியே வந்தால், படியில் நவால் வாளியும் துடைப்பமுமாக நிற்கிறாள். முகம் வீங்கியிருந்தது.

"படம் வந்துருச்சா அக்கா?"

"வந்துருச்சு."

"தபாலுக்கா போறீங்க? கொடுங்க, நான் அந்தப் பக்கம்தான் போறேன்."

"வேண்டாம்."

அவள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். "அதுல நான் இருக்கேனா?"

"இருக்கே."

"எப்படி இருக்கேன்?"

என் வாய் வரை வந்தது. நல்லா இருக்கே என்று ஒரு வார்த்தை. அவளுடைய கேமராவில் எடுத்ததாக இருந்தால் அப்போதே திருப்பிக் காட்டியிருக்கலாம்.

"விஸாம் பாத்த பிறகு கேளு."

"அதுக்கு இன்னும் எத்தனை நாள் ஆகும்?"

"ஆகும். பாத்து நில்லு, படி ஈரமா இருக்கு."

அவள் ஒதுங்கி வழிவிட்டாள். தபால் ஆபீஸில் கூட்டமில்லை. பதிவுத் தபால் என்றேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் உறையைத் தராசில் வைத்தார், திருப்பிப் பார்த்தார்.

"உள்ள போட்டோவா? மடங்கிடக் கூடாதுன்னு எழுதவா?"

"எழுதுங்க."

அவர் சிவப்பு மையில் அதை எழுதி, முத்திரையைக் குத்தி, தெற்கே போகும் பையில் போட்டார்.